ஸ்டீவ் நாஷ்: ஒரு பாயின்ட் கார்டின் ஆட்ட வாழ்க்கை குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்டீவ் நாஷ் யார்? அவருக்கெனத் தனியாக ஒரு கேள்வி-பதில் பக்கம் எதற்கு?

ஸ்டீவ் நாஷ் 1974 பிப்ரவரி 7 அன்று தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்து, கனடாவின் விக்டோரியா நகரில் வளர்ந்து, அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடரான என்.பி.ஏ.வில் 18 சீசன்கள் ஆடிய பாயின்ட் கார்டு. 2005, 2006 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் தொடரின் மிகச் சிறந்த ஆட்டக்காரருக்கான எம்.வி.பி. விருதைப் பெற்றார். தொடரின் முன்னணி ஆட்டக்காரர்கள் மோதும் ஆல்ஸ்டார் ஆட்டத்துக்கு எட்டு முறை தேர்வானார். 2018-இல் கூடைப்பந்து புகழ் மண்டபத்தில் இடம்பெற்றார். இவ்வளவு சாதித்தும் ஒரு முறைகூட இறுதிச் சுற்றில் ஆடியதில்லை.

கோப்பைகளை மட்டும் எண்ணிப் பார்ப்பவர்களுக்கு இது குறையாகத் தெரியலாம். ஆனால் கார்டு ஒருவரின் மதிப்பை அவர் எடுத்த புள்ளிகளை வைத்து அளப்பதா, அவரோடு ஆடியவர்கள் எவ்வளவு உயர்ந்தார்கள் என்பதை வைத்து அளப்பதா என்ற கேள்விக்கு நாஷின் ஆட்ட வாழ்க்கையைப் போலத் தெளிவாக விடை சொல்லும் இன்னொன்றை நான் பார்த்ததில்லை. அதற்காகவே இந்தப் பக்கம்.

பாயின்ட் கார்டின் வேலை என்ன?

பந்தை எதிரணியின் பக்கம் கொண்டுபோவதும், யார், எங்கே, எப்போது எறிய வேண்டும் என்று முடிவு செய்வதும் அவருடைய வேலை. பெரும்பாலும் அணியிலேயே குள்ளமானவர் அவர்தான். அவர் கொடுத்த பந்தை வாங்கியவர் உடனே கூடையில் போட்டால், கொடுத்தவரின் கணக்கில் ஓர் அசிஸ்ட் சேரும். நாஷ் தம் வாழ்நாளில் 10,335 அசிஸ்ட்களைச் சேர்த்தார். ஓய்வு பெற்றபோது அவருக்கு மேலே இருந்தவர்கள் ஜான் ஸ்டாக்டனும் ஜேசன் கிட்டும் மட்டுமே.

சிறு வயதிலிருந்தே கூடைப்பந்து ஆடினாரா?

இல்லை. அவருடைய தந்தை தொழில்முறைக் கால்பந்து ஆட்டக்காரர். தம்பி மார்ட்டின் பின்னாளில் கனடா தேசியக் கால்பந்து அணிக்கே ஆடினார். நிறவெறி ஆட்சியின் கீழ் பிள்ளைகளை வளர்க்க விரும்பாத பெற்றோர், நாஷ் குழந்தையாக இருந்தபோதே கனடாவுக்குக் குடிபெயர்ந்தார்கள். அங்கே கால்பந்து, ஐஸ் ஹாக்கி, லக்ரோஸ் என்று எல்லாவற்றையும் ஆடிய சிறுவன் கூடைப்பந்தைக் கையில் எடுத்தபோது பன்னிரண்டு, பதிமூன்று வயதாகிவிட்டது.

தாமதம்தான், ஆனால் அதை நான் இழப்பாகப் பார்ப்பதில்லை. கால்பந்தில் பழகியவர்களுக்கு ஆள் நிற்கும் இடத்தை விட்டுவிட்டு, அடுத்த நொடியில் அவர் வந்து சேரப்போகும் இடத்துக்குப் பந்தை அனுப்பும் பழக்கம் இயல்பாக இருக்கும். நாஷின் பந்துக் கொடுப்பில் கடைசி வரை அந்தப் பழக்கம் தெரிந்தது.

பள்ளியில் அவ்வளவு நன்றாக ஆடியவரை அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் ஏன் கண்டுகொள்ளவில்லை?

விக்டோரியாவிலுள்ள செயின்ட் மைக்கேல்ஸ் பள்ளியின் இறுதி ஆண்டில் அவர் சராசரியாக ஓர் ஆட்டத்துக்கு 21 புள்ளிகளுக்கு மேலும், 11 அசிஸ்ட்களுக்கு மேலும், 9 ரீபவுண்டுகளுக்கு (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைக் கைப்பற்றுவது) மேலும் எடுத்தார். பள்ளி மாகாணக் கோப்பையை வென்றது. அவருடைய பயிற்சியாளர் முப்பதுக்கும் மேற்பட்ட அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்குக் கடிதமும் ஒளிநாடாவும் அனுப்பினார். உதவித்தொகையோடு இடம் தர முன்வந்தது ஒன்றே ஒன்று: கலிஃபோர்னியாவிலுள்ள சான்டா கிளாரா.

காரணம் புரியாததல்ல. 1992-இல் கனடாவின் பள்ளிக் கூடைப்பந்தை அமெரிக்காவில் யாரும் பெரிதாக மதிக்கவில்லை. ஆறடி மூன்று அங்குல உயரம், மெலிந்த உடல், எகிறிக் குதிக்கும் வலு இல்லை. ஒளிநாடாவில் தெரியக்கூடிய எந்தத் தகுதியும் அவரிடம் இல்லை. இருந்த தகுதிகள் ஒளிநாடாவில் தெரிவதில்லை.

சான்டா கிளாராவில் சேர்ந்த முதல் ஆண்டிலேயே, 1993 மார்ச்சில், பல்கலைக்கழகங்களுக்கான தேசியப் போட்டியில் 15-ஆம் தரவரிசையில் இருந்த அந்தச் சிறிய அணி, 2-ஆம் தரவரிசையில் இருந்த அரிசோனாவை 64–61 என்ற கணக்கில் வென்றது. கடைசி அரை நிமிடத்தில் அந்த முதலாண்டு மாணவர் அடுத்தடுத்து ஆறு ஃப்ரீ த்ரோக்களை (எதிரணியின் தவறுக்காகத் தடுப்பாரின்றி எறியக் கிடைக்கும் வாய்ப்புகள்) போட்டார். பந்தைக் கைக்குள் அடக்க டென்னிஸ் பந்தைத் தட்டிக்கொண்டே வளாகத்தில் நடந்து போவார் என்று அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்வார்கள். அதன் பிறகு கூடைப்பந்து கைக்கு எவ்வளவு பெரிதாக, எவ்வளவு அடங்கியதாகத் தோன்றியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

1996 டிராஃப்டில் ஃபீனிக்ஸ் ரசிகர்கள் அவருடைய பெயரைக் கேட்டுக் கூச்சலிட்டார்களா?

ஆம். ஆலன் ஐவர்சன், ரே ஆலன், கோபி பிரையன்ட் ஆகியோர் தேர்வான அதே டிராஃப்டில் (அணிகள் முறைவைத்துப் புதிய ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு), 15-ஆவது ஆளாக நாஷை ஃபீனிக்ஸ் சன்ஸ் எடுத்தது. பெயரே கேள்விப்படாத கனடாக்காரரை எடுத்ததற்காக அந்த ஊர் ரசிகர்கள் அதிருப்தியைக் கூச்சலாகவே காட்டினார்கள். அடுத்த இரண்டு ஆண்டுகளும் கெவின் ஜான்சனுக்கும் பிறகு ஜேசன் கிட்டுக்கும் பின்னால் அவர் காத்திருந்தார். முதல் சீசனில் அவருடைய சராசரி 3.3 புள்ளிகள்.

டாலஸ் அணிக்குப் போனதும் நட்சத்திரமாகிவிட்டாரா?

உடனே ஆகவில்லை. 1998-இல் டாலஸ் மேவரிக்ஸ் அவரை வாங்கியது. (அதற்கு ஈடாக ஃபீனிக்ஸுக்குக் கிடைத்த டிராஃப்ட் உரிமையில் எடுக்கப்பட்டவர்தான் ஷான் மேரியன், பின்னாளில் நாஷின் பந்துகளை வாங்கி ஓடிய அதே மேரியன்.) முதலாளிகளுக்கும் ஆட்டக்காரர்களுக்கும் இடையிலான தகராறால் 50 ஆட்டங்களாகச் சுருங்கிய அந்த சீசனில் நாஷின் எறிதல்கள் விழவே இல்லை. சொந்த ஊர் ரசிகர்களே அவருக்கு எதிராகக் குரல் எழுப்பினார்கள். இரண்டு ஊர்களில் அவமதிப்பைச் சந்தித்த 25 வயது ஆட்டக்காரர்கள் பலர் அதோடு காணாமல் போயிருக்கிறார்கள்.

அவரோடு அதே ஆண்டு டாலஸுக்கு வந்த ஜெர்மானிய இளைஞர் டிர்க் நவிட்ஸ்கியும் முதல் சீசனில் திணறினார். இருவரும் நெருங்கிய நண்பர்களானார்கள். பயிற்சி முடிந்த பிறகும் இரவில் கூடத்துக்குத் திரும்பி வந்து சேர்ந்து எறிந்து பழகினார்கள். 2000–01 சீசனில் நாஷின் சராசரி 15.6 புள்ளிகள், 7.3 அசிஸ்ட்களாக உயர்ந்தது. டாலஸ் பதினொரு ஆண்டுகளில் முதல் முறையாக, சீசன் முடிவில் கோப்பைக்காக நடக்கும் பிளே ஆஃபுக்குள் நுழைந்தது. 2002-இல் நாஷ் முதன்முதலாக ஆல்ஸ்டார் ஆனார். 2003-இல் அணி மேற்கு மண்டல இறுதி வரை சென்று சான் அன்டோனியோ ஸ்பர்ஸிடம் தோற்றது.

நன்றாக ஆடிக்கொண்டிருந்தவரை டாலஸ் ஏன் விட்டுவிட்டது?

2004-இல் நாஷின் ஒப்பந்தம் முடிந்தபோது அவருக்கு வயது 30. முதுகுக் கோளாறு எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஃபீனிக்ஸ் ஆறு ஆண்டுகளுக்கு 6 கோடி டாலருக்கும் மேல் தருவதாகச் சொன்னது. நீண்ட ஒப்பந்தத்தின் பின்பாதியில் அந்த உடல் தாங்காது என்று கணித்த டாலஸ் உரிமையாளர் மார்க் கியூபன் அவ்வளவு தொகைக்கு உடன்படவில்லை. அன்று கையிலிருந்த தகவல்களை வைத்துப் பார்த்தால் அந்தக் கணிப்பை முட்டாள்தனம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது தவறான கணிப்பு. ஆறாண்டு ஒப்பந்தத்தின் கடைசி ஆண்டான 2009–10-இலும், அதற்கடுத்த ஆண்டில் 37 வயதிலும், தொடரிலேயே அதிகச் சராசரி அசிஸ்ட் எடுத்தவர் நாஷ்தான்.

2004–05 ஃபீனிக்ஸ் அணியில் அப்படி என்ன மாறியது?

முந்தைய சீசனில் 29 ஆட்டங்களை மட்டுமே வென்ற அணி, நாஷ் வந்த ஆண்டில் 62 ஆட்டங்களை வென்றது. இதற்குக் காரணம் மூன்று. மூன்றும் ஒரே நேரத்தில் கூடி வந்தன.

முதலாவது, பயிற்சியாளர் மைக் டான்டோனி. தாக்குதலுக்கு விதி தரும் 24 வினாடிகளில் முதல் ஏழு வினாடிக்குள் எறிந்துவிட வேண்டும், எதிரணி திரும்பி வந்து அணிவகுத்து நிற்பதற்கு நேரமே கொடுக்கக் கூடாது என்பது அவருடைய போக்கு. இரண்டாவது, ஆட்ட விதி. ஆட்டக்களத்தின் வெளிப்பகுதியில் பந்தோடு வருபவரைத் தடுப்பவர் கையால் பிடித்து நிறுத்துவதை அந்த சீசனிலிருந்து நடுவர்கள் கண்டிப்பாகத் தண்டித்தார்கள். வலுவைவிட நுணுக்கத்தை நம்பிய கார்டுகளுக்கு வழி திறந்தது. மூன்றாவது, நாஷ். வேகமாக ஆடும்படி எந்தப் பயிற்சியாளரும் சொல்லலாம். அந்த வேகத்தில் நிதானம் இழக்காமல் முடிவெடுக்க ஆள் வேண்டும்.

மற்றவர்களின் கணக்கைப் பார்த்தால் இது இன்னும் துலங்கும். அமரே ஸ்டவுடமயரின் சராசரி 20.6 புள்ளிகளிலிருந்து 26 ஆனது. தொலைவிலிருந்து எறியும் மூன்று புள்ளி எறிதல்களில் முந்தைய ஆண்டு 30.5 விழுக்காடு மட்டுமே போட்ட ஜோ ஜான்சன் 47.8 விழுக்காடு போட்டார். அணி ஆட்டத்துக்கு 110.4 புள்ளிகள் எடுத்துத் தொடரிலேயே முதலிடம் பிடித்தது. அடுத்த ஆண்டு ஜான்சன் அட்லாண்டாவுக்குப் போய்விட்டார். ஸ்டவுடமயர் முழங்கால் அறுவை சிகிச்சையால் மூன்றே ஆட்டங்கள்தான் ஆடினார். அப்போதும் ஃபீனிக்ஸ் 54 ஆட்டங்களை வென்றது. அட்லாண்டாவில் 4.8 புள்ளிகளோடு ஓரத்தில் உட்கார்ந்திருந்த போரிஸ் டியாவ், ஃபீனிக்ஸில் 13.3 புள்ளிகள் எடுத்து, அந்த ஆண்டு மிக அதிகமாக முன்னேறிய ஆட்டக்காரர் விருதைப் பெற்றார். ஓர் ஆண்டில் ஒருவர் உயர்ந்தால் தற்செயல் எனலாம். ஆண்டுதோறும் ஆள் மாற மாற, வந்தவரெல்லாம் உயர்ந்தால் அதற்குக் காரணம் மாறாமல் இருந்த அந்த ஒருவர்தான்.

அவருடைய பிக் அண்ட் ரோல் ஆட்டத்தில் என்ன சிறப்பு?

பிக் அண்ட் ரோல் என்பது கூடைப்பந்தின் மிகப் பழைய உத்தி. உயரமானவர் வந்து, கார்டைத் தடுப்பவரின் வழியில் மதிலைப்போல நிற்பார். கார்டு அவரை உரசிக்கொண்டு சுற்றிப் போவார். நின்றவர் திரும்பி வளையத்தை நோக்கி ஓடுவார். தடுப்பவர்கள் இருவரும் யாரைப் பிடிப்பது என்று ஒரு கணம் குழம்புவார்கள். பெரும்பாலான கார்டுகள் அந்தக் கணத்திலேயே ஒரு முடிவை எடுத்துவிடுவார்கள்.

நாஷ் எடுக்க மாட்டார். பழைய ஒளிப்பதிவு ஒன்றை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். உள்ளே புகுந்த பிறகும் வலக்கை பந்தைத் தட்டிக்கொண்டே இருக்கும். முதுகால் தடுப்பவரைப் பின்னுக்கு வைத்துக்கொண்டு வளையத்துக்கு அடியிலேயே போவார். எறியப்போகிறார் என்று எல்லோரும் கையை உயர்த்தும்போது எறியாமல் பின்கோட்டை ஒட்டிச் சுற்றி மறுபக்கம் வெளியே வந்துவிடுவார். பந்து இன்னும் தட்டப்பட்டுக்கொண்டுதான் இருக்கும். இதற்குள் தடுக்கும் ஐந்து பேரும் இரண்டு முறை இடம் மாறியிருப்பார்கள். யாரோ ஒருவர் ஓர் அடி பிந்தியிருப்பார். பந்து அந்த இடைவெளி வழியாகப் போகும். ஐஸ் ஹாக்கியில் வேய்ன் கிரெட்ஸ்கி வலைக்குப் பின்னால் பந்துவட்டை வைத்துக்கொண்டு காத்திருந்ததோடு இதை ஒப்பிட்டு, கனடாக்காரர்கள் இதில் தங்கள் ஊர் ஆட்டத்தைக் கண்டார்கள்.

ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்க வேண்டும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்க வேண்டும் என்பார்கள். ஸ்டவுடமயருக்கு ஓட்டம் குறையாமல் எழும்பிப் பிடிக்கும்படியும், மேரியனுக்குக் களத்தின் ஓரத்தில் எல்லோருக்கும் முன்னால் ஓடும்போதும், மூலையில் நிற்பவருக்கு எறியும் நிலையிலேயே நெஞ்சருகில் வந்து சேரும்படியும் அவர் பந்தைக் கொடுத்தார். வாங்குபவர் பந்துக்காகத் தம்மை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கவில்லை.

இரண்டு எம்.வி.பி. விருதுகளும் நியாயமானவையா?

இது இன்றுவரை ஓயாத விவாதம். 2005-இல் நாஷ் 1,066 வாக்குப் புள்ளிகளும், அந்த ஆண்டு மயாமி அணிக்கு மாறியிருந்த ஷக்கீல் ஓ'நீல் 1,032 வாக்குப் புள்ளிகளும் பெற்றார்கள். நாஷின் சராசரி 15.5 புள்ளிகள், 11.5 அசிஸ்ட்கள். விருது பெற்றவர்களிலேயே மிகக் குறைந்த புள்ளிச் சராசரிகளில் அது ஒன்று என்பதால், தவறான ஆளுக்குப் போய்விட்டது என்பவர்கள் உண்டு. ஓ'நீலுக்குக் கொடுத்திருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் 29-ஐ 62 ஆக்கிய ஆண்டில் அவருக்குக் கொடுத்தது தவறல்ல.

2006-ஆம் ஆண்டு விருதைப் பற்றிய என் எண்ணம் இன்னும் உறுதியானது. ஸ்டவுடமயர் இல்லை, ஜான்சன் இல்லை, 18.8 புள்ளிகள், 10.5 அசிஸ்ட்களோடு அந்த அணியை 54 வெற்றிகளுக்குக் கொண்டுபோனது முதல் விருதை வாங்கிய ஆண்டைவிடக் கடினமான வேலை. மேஜிக் ஜான்சனுக்குப் பிறகு ஒன்றுக்கு மேற்பட்ட முறை இந்த விருதைப் பெற்ற முதல் பாயின்ட் கார்டு நாஷ். விருது பெற்ற முதல் கனடாக்காரரும் அவரே. அடுத்த கனடாக்காரருக்காக ஷே கில்ஜியஸ் அலெக்சாண்டர் வரும் வரை, 2025 வரை, அந்த நாடு காத்திருந்தது.

50-40-90 என்றால் என்ன?

ஒரு சீசன் முழுவதும் களத்திலிருந்து எறிந்தவற்றில் 50 விழுக்காடும், மூன்று புள்ளி எறிதல்களில் 40 விழுக்காடும், ஃப்ரீ த்ரோக்களில் 90 விழுக்காடும் போடுவது. என்.பி.ஏ. வரலாற்றில் ஒரு முறை எட்டியவர்களே மிகச் சிலர். நாஷ் நான்கு முறை எட்டினார்: 2005–06, 2007–08, 2008–09, 2009–10. விடுபட்ட 2006–07 சீசனில் களத்திலிருந்து 53.2, மூன்று புள்ளிகளில் 45.5, ஃப்ரீ த்ரோவில் 89.9. இன்னும் ஒரே ஒரு ஃப்ரீ த்ரோ விழுந்திருந்தால் தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் ஆகியிருக்கும்.

இவ்வளவு துல்லியமாக எறிபவர் ஏன் இன்னும் அதிகமாக எறியவில்லை என்று கேட்பவர்கள் பலர். நியாயமான கேள்வி. இன்றைய கணக்குப்படி பார்த்தால் அவர் மூன்று புள்ளி எறிதல்களை இன்னும் நிறைய முயன்றிருக்க வேண்டும். கூட ஆடுபவருக்கு வழி இருக்கிறதா என்று தேடிய பிறகே தம் எறிதலை எண்ணும் பழக்கம், அவருடைய பலமாகவும் வரம்பாகவும் இருந்தது.

ஃப்ரீ த்ரோ கோட்டில் நின்று பந்தில்லாமல் ஏன் எறிந்து காட்டுவார்?

நடுவர் பந்தைத் தருவதற்கு முன், கோட்டில் நின்று விரல்களை நாவால் தொட்டுக்கொள்வார். பிறகு வெறும் கையோடு, முழங்கால் மடக்கம் முதல் மணிக்கட்டு வளைவு வரை முழு எறிதலையும் செய்து பார்ப்பார். பந்து வந்ததும் அதே அசைவைத் திரும்பச் செய்வார். ஓடி ஓடி மூச்சு வாங்கிய உடலுக்கு எறிதலின் அளவை நினைவூட்டும் ஒத்திகை அது. வாழ்நாள் முழுவதும் அவர் போட்ட ஃப்ரீ த்ரோக்கள் 90.4 விழுக்காடு, ஓய்வு பெற்றபோது அதுவே என்.பி.ஏ. வரலாற்றின் மிக உயர்ந்த அளவு.

ஆட்டத்தின் நடுவே தரையில் படுத்திருப்பாரே, அது ஏன்?

முதுகெலும்பின் ஒரு முள்ளெலும்பு, கீழுள்ளதன் மேலிருந்து முன்னோக்கி நழுவியிருக்கும் கோளாறு அவருக்கு இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்தால் இடுப்புத் தசைகள் இறுகிவிடும். ஆகவே மாற்று ஆட்டக்காரர் உள்ளே போனதும், மற்றவர்கள் பெஞ்சில் அமர, நாஷ் களத்தின் ஓரத்தில் துண்டை விரித்து மல்லாந்தோ முழங்கையை ஊன்றியோ படுத்துக்கொண்டு ஆட்டத்தைக் கவனிப்பார். இரண்டு முறை எம்.வி.பி. வாங்கியவர் ஆயிரக்கணக்கானோர் பார்க்கத் தரையில் கிடப்பதைப் பற்றிக் கொஞ்சமும் கூச்சப்படவில்லை. சர்க்கரையை ஒதுக்கிய உணவு, ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் நீண்ட உடற்சிகிச்சை ஆகியவற்றோடு அந்த முதுகை 40 வயது வரை இழுத்துக்கொண்டு போனார்.

கோப்பை ஏன் கிடைக்கவில்லை?

2005-இல் மேற்கு மண்டல இறுதியில் ஸ்பர்ஸிடம் தோல்வி. ஜோ ஜான்சன் முந்தைய சுற்றிலேயே முகத்தில் எலும்பு முறிந்து பாதியில் வெளியேறியிருந்தார். 2006-இல் அதே கட்டத்தில் நவிட்ஸ்கியின் டாலஸிடம் தோல்வி. ஆனால் ரசிகர்களின் மனத்தில் இன்னும் ஆறாத காயம் 2007-தான்.

அந்த ஆண்டு இரண்டாம் சுற்றில் மீண்டும் ஸ்பர்ஸ். முதல் ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் ஸ்பர்ஸின் டோனி பார்க்கரும் நாஷும் தலையோடு தலை மோதிக்கொண்டார்கள். நாஷின் மூக்கு கிழிந்து, எவ்வளவு கட்டியும் இரத்தம் நிற்காமல், தீர்மானமான நிமிடத்தில் அவர் வெளியே உட்கார வேண்டியதாயிற்று. நான்காவது ஆட்டத்தை ஃபீனிக்ஸ் வென்று தொடரை 2–2 எனச் சமன் செய்யும் நேரத்தில், ஸ்பர்ஸின் ராபர்ட் ஹோரி இடுப்பால் இடித்து நாஷை ஓரத்திலிருந்த மேசையின் மேல் தள்ளினார். அதைப் பார்த்துப் பெஞ்சிலிருந்து எழுந்து சில அடிகள் முன்னே வந்த ஸ்டவுடமயருக்கும் டியாவுக்கும், பெஞ்சை விட்டு வரக் கூடாது என்ற விதிப்படி ஓர் ஆட்டத் தடை விதிக்கப்பட்டது. ஹோரிக்கு இரண்டு ஆட்டத் தடை. முக்கியமான இருவர் இல்லாமல் ஐந்தாவது ஆட்டத்தை 88–85 என்று மூன்றே புள்ளிகளில் இழந்த ஃபீனிக்ஸ், ஆறாவதையும் இழந்து வெளியேறியது. விதி எழுத்தில் தெளிவாகத்தான் இருந்தது. ஆயினும் தவறு செய்த அணியைவிடத் தவறுக்கு ஆளான அணி அதிகம் இழந்த தண்டனையை என்னால் நீதி என்று ஏற்க முடியவில்லை.

2010-இல் ஒரு முறை மீண்டும் கதவு திறந்தது. ஸ்பர்ஸை நான்குக்குப் பூஜ்யம் என்று வீழ்த்திய தொடரின் கடைசி ஆட்டத்தில், டிம் டங்கனின் முழங்கை பட்டு நாஷின் வலக்கண்ணுக்கு மேல் கிழிந்தது. தையல் போட்டுக்கொண்டு வந்து, வீங்கி மூடிய கண்ணோடு ஆட்டத்தை முடித்துக் கொடுத்தார். அடுத்து மேற்கு மண்டல இறுதியில் லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ். 2–2 என்றிருந்தபோது, ஐந்தாவது ஆட்டத்தின் கடைசி நொடியில் கோபி பிரையன்ட் தவறவிட்ட பந்தை ரான் ஆர்டெஸ்ட் எட்டிப் பிடித்துப் போட, 103–101 என்று லேக்கர்ஸ் வென்றது. ஆறாவதில் ஃபீனிக்ஸின் கதை முடிந்தது.

தடுப்பாட்டத்தில் அவர் பலவீனமானவர் என்பது உண்மையா?

உண்மை. வேகமான கார்டுகள் அவரைத் தாண்டிப் போனார்கள். மோதலைத் தாங்கி நின்று, எதிராளியின் தாக்குதல் தவறுகளை வரவழைப்பதில் அவருக்குத் திறமை இருந்தது என்றாலும், அது முழு ஈடாகாது.

கனடா தேசிய அணிக்காக என்ன செய்தார்?

2000 சிட்னி ஒலிம்பிக்கில் அணித்தலைவராக ஆடினார். பெயர் பெற்ற ஆட்டக்காரர் வேறு எவரும் இல்லாத அந்த அணி, வலிமைமிக்க யூகோஸ்லாவியாவை 83–75 என்று வென்றது. நாஷ் 26 புள்ளிகள் எடுத்தார். காலிறுதியில் பிரான்சிடம் தோற்றுக் களத்தைவிட்டு வெளியேறும்போது அவர் அழுதார். கனடா ஏழாம் இடத்தைப் பெற்றது. அதன்பின் அந்நாட்டு ஆண்கள் அணி ஒலிம்பிக்கில் மீண்டும் ஆடியது 2024 பாரீஸில்தான். 2010 வான்கூவர் குளிர்கால ஒலிம்பிக்கில், அந்த விளையாட்டுகளில் ஒன்றையும் சேராத இந்தக் கூடைப்பந்து ஆட்டக்காரரைத் தீபமேற்றும் நால்வரில் ஒருவராக நாடு அழைத்தது.

லேக்கர்ஸ் அணியில் ஏன் சோபிக்கவில்லை?

2012-இல், 38 வயதில், லாஸ் ஏஞ்சலஸுக்குப் போனார். இரண்டாவது ஆட்டத்திலேயே போர்ட்லாண்டின் டேமியன் லில்லார்டோடு மோதியதில் காலெலும்பு முறிந்தது. எலும்பு கூடினாலும், அந்த அடி முதுகிலிருந்து காலுக்கு இறங்கும் நரம்புகளைத் தொந்தரவு செய்துகொண்டே இருந்தது. 2013–14 சீசனில் ஆட முடிந்தது 15 ஆட்டங்கள்.

அந்த 15-இல் ஒன்று 2014 ஏப்ரல் 8 அன்று ஹூஸ்டனுக்கு எதிரானது. அசிஸ்ட் வரிசையில் மூன்றாம் இடத்தில் இருந்த மார்க் ஜாக்சனின் 10,334-ஐ அன்று நாஷ் ஒன்றால் தாண்டினார். அந்த ஒன்றே அவருடைய வாழ்நாளின் கடைசி அசிஸ்டாகவும் ஆனது. அடுத்த சீசன் தொடங்குமுன் முதுகு மறுபடியும் மறுத்துவிட்டது. 2015 மார்ச்சில், 41 வயதில், ஓய்வை அறிவித்தார்.

பயிற்சியாளராக எப்படி இருந்தார்?

ஓய்வுக்குப் பின் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணியின் ஆலோசகராக இருந்தார். 2020 செப்டம்பரில் புரூக்ளின் நெட்ஸ் அவரைத் தலைமைப் பயிற்சியாளராக்கியது. 94 வெற்றி, 67 தோல்வி என்ற கணக்கோடு 2022 நவம்பர் 1 அன்று அந்தப் பொறுப்பிலிருந்து விலகினார். முதல் ஆண்டில், இரண்டாம் சுற்றின் ஏழாவது ஆட்டத்தில் கெவின் டுரான்ட் கடைசி நொடியில் போட்ட பந்து, கால்விரல் கோட்டில் பட்டதால் மூன்றுக்குப் பதில் இரண்டு புள்ளியானது. கூடுதல் நேரத்தில் மில்வாக்கி வென்றது. காயங்களும் ஆட்டக்காரர்களின் வெளியேற்றங்களும் நிறைந்த அந்த இரண்டு ஆண்டுகளை வைத்து அவருடைய பயிற்சித் திறனைத் தீர்ப்பிடுவது அவசரமாகும்.

அவரைப் புதிதாக அறிந்துகொள்பவர்கள் எந்த ஆட்டங்களைப் பார்க்கலாம்?

2005 மே மாதத்தில் டாலஸுக்கு எதிரான இரண்டாம் சுற்றை முதலில் பாருங்கள். நாஷ் பந்து கொடுப்பதைத் தடுத்தால் போதும், எறிய விட்டுவிடலாம் என்று அவருடைய பழைய அணி முடிவு செய்தது. நான்காவது ஆட்டத்தில் அவர் 48 புள்ளிகள் எடுத்தும் ஃபீனிக்ஸ் தோற்றதால் அந்தத் திட்டம் பலித்தது போலவே தெரிந்தது. ஐந்தாவதில் 34 புள்ளிகள், 13 ரீபவுண்டுகள், 12 அசிஸ்ட்கள். ஆறாவதில் 39 புள்ளிகள், 12 அசிஸ்ட்கள். தோல்வியின் விளிம்பிலிருந்து ஒரு மூன்று புள்ளி எறிதலால் சமன் செய்து, கூடுதல் நேரத்தில் தம்மைக் கைவிட்ட ஊரிலேயே தொடரை முடித்தார்.

அடுத்து 2006 டிசம்பர் 7, நியூஜெர்சி நெட்ஸுக்கு எதிரான ஆட்டம். ஒரு காலத்தில் எந்த ஜேசன் கிட்டுக்குப் பின்னால் பெஞ்சில் காத்திருந்தாரோ, அதே கிட் எதிரே. கிட் 38 புள்ளிகள், 14 ரீபவுண்டுகள், 14 அசிஸ்ட்கள். நாஷ் 42 புள்ளிகள், 13 அசிஸ்ட்கள். இரண்டு கூடுதல் நேரங்களுக்குப் பிறகு ஃபீனிக்ஸ் 161, நியூஜெர்சி 157. பார்க்கும்போது பந்தைத் தொடராமல் நாஷின் தலையைத் தொடருங்கள்; பந்து போகப்போகும் திசையில் அது ஒருபோதும் திரும்பியிருக்காது.